கோட்டு பார்க்கப் போன மத்தியானங்கள்

பெங்களூர் கண்டோன்மென்ட் தியேட்டர்களில் பெஞ்சு டிக்கெட் வாங்கி அமெரிக்கத் துப்பாக்கிப் படம் பார்த்து வளர்ந்த என் வயது ஆண்களே, இது உங்களுக்குத்தான். எண்பதை நெருங்கியும் நீங்கள் அந்தப் படங்களை விடவில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருவர் கைத்தடியைத் துப்பாக்கியாக நீட்டி, உதட்டோரத்தில் இல்லாத சிகரெட்டை மென்றுகொண்டு நடந்து காட்டினார். பல்செட் கழன்று விழாதது ஆண்டவன் செயல். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் படங்களை நானும் பார்த்தவள்தான். பத்து வயதில், ஒரே வருஷத்தில், பத்துப் பன்னிரண்டு படம் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பயந்து பயந்துதான் பார்த்தேன்.

என் அப்பா கோட்டு தைப்பவர். பிரேசர் டவுனில் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில், கட்டில் போட்டால் கால் வெளியே நீட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு கடை. வெள்ளைக்காரர்கள் இருந்தவரை ராணுவ அதிகாரிகளுக்குத் தைத்தார். அவர்கள் கப்பலேறி ஏழெட்டு வருஷத்தில் வாடிக்கை மாறிவிட்டது. ஆபீஸ் குமாஸ்தாக்களும் தொழிற்சாலை ஆட்களும் வந்து, சுவரொட்டியைக் காட்டி, "அந்த ஆள் போட்டிருக்கிற மாதிரி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சுவரொட்டியில் தோள் தெரியும், முதுகு தெரியாது. படத்தைப் பார்த்தால்தான் தைக்க முடியும்.

அங்கேதான் சிக்கல். அப்பா கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். பத்தடிக்கு அப்பால் வருவது பஸ்ஸா மாட்டு வண்டியா என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் டெய்லருக்குக் கண் போய்விட்டது என்று ஊர் சொல்லும், கடை படுத்துவிடும் என்று பயந்தார். பயந்தார் என்று இப்போது எழுதுகிறேன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. கண்ணாடிக்குப் பதில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் படம் வரைய வரும்.

"பொம்பளப் புள்ளய இட்டுகினு போயி சுட்டுக் கொல்ற படமா காட்டுறீங்க?" என்று அம்மா சண்டை போட்டாள்.

"அவ எங்க படம் பாக்கறா? கோட்டு பாக்கறா" என்றார் அப்பா.

மத்தியான ஆட்டம். துணி வெட்டும் பழுப்புத் தாளை மடித்து என் மடியில் வைத்து, கையில் பென்சில் கொடுத்துவிடுவார். பீடிப் புகையும் வேர்க்கடலைத் தோலும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த பெஞ்சு. திரையில் ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவான். உடனே காதோரம் அப்பாவின் குரல் வரும்.

"பட்டன் எத்தினி கண்ணு?"

"ஆறுப்பா."

"போட்டிருக்கறது?"

"ரெண்டு."

"காலரு?"

"கூரா, தோள் வரைக்கும் போவுது."

"தோளு?"

"கதவு அகலம்பா."

குண்டு வெடிக்கும். யாரோ ஒரு பெண் அலறுவாள். அப்பா நிதானமாக, "கோட்டுக்குப் பின்னாடி வெட்டு ஒண்ணா ரெண்டா?" என்பார். செத்தவன் குப்புற விழுந்தால்தான் அதைச் சொல்ல முடியும். மல்லாக்க விழுந்தால் இன்னொருவன் சாகும்வரை காத்திருப்போம்.

திரையில் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். கோட்டைப் பார்க்கச் சொன்னதால் கோட்டின் நுனியில் இருந்த கைகளையும் பார்த்தேன். உங்களுக்குக் கதை ஞாபகம் இருக்கும், எனக்குக் கைகள்தான். பைக்குள் போகிற கை, கழுத்தைப் பிடிக்கிற கை, தீக்குச்சியை நகத்தால் உரசுகிற கை. அந்த ஆண்களில் யாருக்கும் அம்மா கிடையாது. யாரும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. விடிய விடிய மழையில் நின்றாலும் தும்மல் வராது. எதற்கும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார்கள். கூட ஒரு பயந்தாங்கொள்ளி கட்டாயம் இருப்பான். குட்டையாக, வேர்த்து வழிந்து, சொல் தொண்டையில் சிக்கித் திக்கித் திணறுவான். முதலில் சாகிறவன் அவன்தான். அவன் திக்கும்போது பெஞ்சு முழுக்க அவனைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோலார் தங்கவயல். சுரங்கத்தில் வேலை பார்த்த தகப்பன் நெஞ்சுச் சளியிலேயே போய்விட்டார். தாய் ஒருத்தியாக வளர்த்த ஒரே பிள்ளை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஒக்கலிபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் அவருடைய அம்மாவே பதில் சொன்னார். "காப்பிக்குச் சக்கர போதுமா தம்பி?" என்று எங்கள் அம்மா கேட்டதற்கும், "போதும் போதும், அவன் கம்மியாதான் போட்டுக்குவான்" என்று அந்த அம்மாதான் முந்திக்கொண்டார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி இருந்தார். தாடை மட்டும் இறுகி இறுகித் தளர்ந்தது. திரையில் பார்த்த அதே தாடை. எனக்கு அவரை அப்போதே பிடிக்கவில்லை.

அவர்கள் போனதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "ஆம்பளன்னா இப்பிடி இருக்கணும். சளசளன்னு பேசாம, அளவா."

"எங்க அளவு? வாயே தொறக்கலியே" என்றாள் அம்மா.

"அதான் சொல்றேன். அழுத்தமான ஆளு."

அப்பா அழுத்தம் என்றார், அம்மா அடக்கம் என்றாள், தெருக்காரர்கள் கம்பீரம் என்றார்கள். ஏன் பேசவில்லை என்று யாருமே கேட்கவில்லை.

எங்கள் சனத்தில் பெண்ணுக்குக் கல்யாணப் புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும், மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டிலிருந்து போகும். டெய்லர் வீட்டில் பெண் எடுத்தால் மாமனார் கையாலேயே தைத்த கோட்டு. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எம் புள்ளைக்கு ஒரே ஒரு ஆச. இப்ப ஓடுதே ஒரு இங்கிலீஷ் படம், அதுல அந்த ஆளு போட்டுகினு வர்ற கோட்டு மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னான். நாலு தடவ பாத்துட்டான்."

மறு சனிக்கிழமை அப்பாவும் நானும் அந்தப் படத்துக்குப் போனோம்.

கோட்டு நல்ல கோட்டுதான், அதை நான் மறுக்கவில்லை. காலர், பட்டன், பையின் மூடி எல்லாம் வரைந்துகொண்டிருந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தி அந்தக் கோட்டுக்காரன் அறைக்கு வந்து எதையோ கெஞ்சிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு கையை ஓங்கி அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். பெஞ்சில் விசில் பறந்தது. புறங்கையால் இன்னொன்று. அவள் அழுதபடியே அவன் மார்பில் சாய்ந்தாள். ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"கை ஓங்கும்போது முதுகுல சுருக்கம் வுழுதா பாரு கண்ணு" என்றார் அப்பா.

"இல்லப்பா" என்றேன்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், ஓரத்தில் தனியாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். விசில் அடிக்கவில்லை, சிரிக்கவில்லை. திரையில் அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவர் உதடும் கூடவே அசைந்தது. வலது கை மெல்ல எழும்பித் தொடையில் விழுந்தது. எழும்பி, விழுந்து, எழும்பி, விழுந்து. ஐந்தாவது தடவையாகப் பார்க்கிறார். அடிக்கப் பழகுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த வெள்ளைக் கையுறைக்காரி முகத்தில் அக்காவின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவிடம் சொல்லவில்லை. இரண்டு வரிசை தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அக்காவிடம்தான் சொன்னேன். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் சத்தமாகச் சிரித்தாள். "ஏய் பைத்தியம், சினிமா பாத்தா எல்லாருந்தான் கை ஆட்டுவாங்க. நீ பென்சில ஆட்டல?"

இரண்டு நாள் கழித்து, எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

"ம்" என்றாள். பிறகு பின்னலைப் பிரித்து மறுபடி போட்டாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்காகியது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சும்மா இரு. மொத ஓல வாசிச்சாச்சு, துணி வெட்டியாச்சு" என்று விரட்டினாள்.

ஓலை வாசிப்பது என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனையில் போதகர் ஐயா பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசிப்பார். தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மூச்சு நேரம் விட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். எனக்கு அந்த ஒரு மூச்சு நேரம் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தது.

இரண்டாவது ஓலைக்குப் பிறகு, அளவு பார்க்கத் தற்காலிகமாக ஒட்டுத்தையல் போட்ட கோட்டைப் போட்டுப் பார்க்க மாப்பிள்ளை கடைக்கு வந்தார். சட்டையோடு நின்றபோது தோள் இரண்டும் எலும்பாகச் சரிந்திருந்தது. சுரங்கத்து வீட்டுப் பிள்ளை, சோற்றுக்கு அலைந்த உடம்பு. அப்பா பஞ்சும் கேன்வாசும் வைத்துத் தோளைக் கட்டியிருந்தார். கோட்டைப் போட்டதும் ஆளே மாறிவிட்டார். கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பாய் தையலை நிறுத்திவிட்டு, "அரே உஸ்தாத், ஹீரோ வந்துட்டான்" என்றார்.

"தோளு பாதி ஆண்டவர் குடுத்தது, பாதி நான் குடுத்தது" என்று அப்பா சிரித்தார். "கைய நல்லா ஓங்கிப் பாருங்க மாப்ள. முதுகு புடிக்குதான்னு பாக்கணும்."

நான் தரையில் உட்கார்ந்து கோட்டின் கீழ் விளிம்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் தலைக்கு நேர் மேலே எழும்பியது. அடுத்த நிமிஷம் வெட்டு மேஜைக்கு அடியில் இருந்தேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கையால் தொடையில் மூன்று தட்டுத் தட்டினார். மறுபடியும் உதடு அசைந்தது. பிறகு முகம் கறுத்து, கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு அவர் போகும்வரை அங்கேயே கிடந்தேன்.

மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் எங்கள் ஆலயத்துக்கே வந்திருந்தார்கள். போதகர் ஐயா ஓலையை வாசித்தார், தடை உண்டா என்று கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து நின்றேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"அவரு எங்க அக்காவ அடிப்பாரு."

அவ்வளவு பெரிய ஆலயத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா அங்கி மாற்றும் பக்கத்து அறைக்கு எங்கள் எல்லோரையும் அழைத்துக் கதவைச் சாத்தினார். அப்பா, அம்மா, அக்கா, மாப்பிள்ளை, அவர் அம்மா, நான். மெழுகு வாசனையும் பழைய பாட்டுப் புத்தகங்களும் நிறைந்த சின்ன அறை.

"யார் சொன்னா உனக்கு?" என்று ஐயா கேட்டார்.

"யாரும் சொல்லல ஐயா. நான் பாத்தேன். தியேட்டர்ல அடிக்கப் பழகினாரு."

ஐயா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

"அவன் ஒரு எறும்பக்கூட..." என்று அவர் அம்மா ஆரம்பித்தார்.

"அவரே சொல்லட்டும்மா."

மாப்பிள்ளை முகத்தில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை எழும்பித் தொடையில் விழுந்தது. எழும்பி, விழுந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"இதான்! இதான் ஐயா! பாருங்க!" என்று நான் கத்தினேன்.

கன்னத்தில் விழுந்தது என்னவென்று முதலில் புரியவில்லை. அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காதுக்குள் ரீங்காரம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் என் அப்பா நிற்கிறார். அதுவரை என்னை ஒரு தட்டுத் தட்டாதவர். சபை முன்னால் தலை குனிந்துவிட்ட ஆம்பளையாக, முகமெல்லாம் சிவந்து, இரண்டாவது அடிக்குக் கையைப் பின்னால் வாங்கிக்கொண்டு நின்றார். படத்தில் பார்த்த எந்த முகத்தையும் நான் அவ்வளவு பயந்து பார்த்ததில்லை.

"அ... அ... அடி... அடிக்காதீங்க மாமா."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினோம்.

"பு... புள்ள... ப... பயப்படுது."

மாப்பிள்ளை எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார். கை இன்னும் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டுச் சொல் வெளியே விழுந்தது. அவருடைய அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "போச்சு, எல்லாம் தெரிஞ்சிபோச்சு" என்று அழுதார்.

அழுகைக்கு நடுவில் அந்த அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். தகப்பன் செத்ததிலிருந்து பையனுக்கு அப்படி. முன்பு பார்த்த இரண்டு இடம் இதனாலேயே தட்டிப்போனது. அந்தப் படத்து ஆள் ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, அசையாமல் பேசுகிறான். அவனைப் போலவே நிறுத்தி நிறுத்தி, தொடையில் தாளம் போட்டுச் சொன்னால் வார்த்தை தடைபடாமல் வருகிறது என்று பிள்ளை கண்டுபிடித்திருக்கிறான். சபை நடுவே கல்யாண வாக்குறுதியைத் தன் வாயால் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் போய்ப் போய்ப் பழகினான். கோட்டும் அதற்குத்தான். அந்தக் கோட்டுக்குள் இருந்தால் பேச்சு வரும் என்று ஒரு நம்பிக்கை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மறைச்சிட்டீங்களே" என்றாள் அம்மா. கல்யாணம் நின்றுபோகும் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா வந்து மண்டியிட்டு, முந்தானையை ஈரம் பண்ணி என் கன்னத்தில் வைத்தாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று ஐயா அவளைக் கேட்டார்.

"எனக்கு வேற ஒரு பயம் இருந்துச்சு ஐயா. அது இப்ப இல்ல" என்றாள் அக்கா. "தேதிய மாத்தாதீங்க."

கல்யாணத்தில் அந்த வாக்குறுதியைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பின் வரிசையில் சில பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அவர் கையைப் பிடித்தபடி கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தக் கை அவள் மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. இப்போது யோசித்தால் வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. அந்தப் படத்தில் திக்கித் திணறிச் சாகிறவனைப் பார்த்துப் பெஞ்சு முழுக்கச் சிரித்ததே, அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஐந்து தடவை அவர் உட்கார்ந்திருக்கிறார். அதையும் தாங்கிக்கொண்டு பேசப் பழகியிருக்கிறார். நான் அவரை அடிக்கிற ஆளாகப் பார்த்தேன். அவர் போன பிறகும் அந்த வெட்கம் எனக்குத் தீரவில்லை.

அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் அப்பாக்களில் யாராவது கேட்டார்களா? அதற்குப் பிறகு என்னைச் சினிமாவுக்கும் கூப்பிடவில்லை. ஆனால் பள்ளி விட்டதும் நூல் பிரிக்கக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். முதல் நாளே அது நடந்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுக்க அவர் கையைத் தூக்கினார். என் தலை தானாகத் தோளுக்குள் இறங்கிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியாது, நான் பக்கத்தில் இருந்தேன். தூக்கிய கையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மறுநாளிலிருந்து கையைத் தூக்குவதற்கு முன் சொல்ல ஆரம்பித்தார். "கண்ணு, டேப்பு எடுக்கறேன்." "கண்ணு, மேல கத்திரி எடுக்கறேன்." வாடிக்கைக்காரர்கள் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பதினைந்து வயதானபோதும் சொன்னார். கல்யாணமாகிக் குழந்தையோடு வந்தபோதும் சொன்னார். எவ்வளவோ முயன்றும் என் கழுத்துக்கு அது மறக்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பேச்சு குறைந்து கிடந்தபோது ஒரு மத்தியானம் அவர் நெற்றியில் ஈ உட்கார்ந்தது. நான் கட்டிலை ஒட்டி நாற்காலியில் இருந்தேன்.

"கண்ணு, கை தூக்கறேன்" என்றார்.

"தூக்குங்கப்பா" என்றேன்.

பாதி எழும்பிய கை நின்றது. என் தலை இறங்கியதை அவர் பார்த்துவிட்டார். கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்துவிட்டார். ஈயை நான்தான் விரட்டினேன்.